உள்தாழ்ப்பாள்

ஃபாஸ்டேக்கில் காசில்லை. இரட்டிப்புக் கட்டணம் என்றேன்.
பெங்களூரில் யாரோ காலி செய்த வீட்டுச் சாமான்,
லாரி நிறைய.
டிரைவர் எல்லாப் பையும் துழாவி
நூற்றெண்பது ரூபாய் குறைகிறது என்றார்.
பின்னால் ஹாரன், அதன் பின்னால் ஹாரன்.
இறங்கிப் போய்த் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து
ஒரு மாடிவீட்டைத் தூக்கி வந்து நீட்டினார்.
"குப்பையில போடச் சொன்னாங்க. நீ வெச்சுக்கம்மா."
என் பணத்தைக் கல்லாவில் போட்டுக்
கட்டையைத் தூக்கிவிட்டேன்.
இப்படித்தான் வீடு வாங்கினேன்.

ஊர் கிருஷ்ணகிரி. நாங்கள் இருப்பது லண்டன்பேட்டை.
"வெள்ளைக்காரன் வீடு, விலாசம் தப்பாம வந்திருக்கு"
என்றாள் அறைத்தோழி ஷாகிரா.
முன்சுவரே கிடையாது. ஆறு அறையும் ஊருக்குத் தெரியும்.
ஓடு பாதி உதிர்ந்திருந்தது. படியில் கரையான்.
சுவருக்குள் ஓர் அடுப்பு, சமைக்க அல்ல, குளிர்காய.
பியானோ முன்னால் மூக்குடைந்த பீங்கான் துரைசானி,
முதுகை வளைக்காமல்
எத்தனை வருஷமாகவோ.

ரவுண்டானா பக்கம் ஃபேன்ஸி ஸ்டோர்.
ஐஸ் குச்சி ஒரு கட்டு முப்பது ரூபாய்,
டீத்தண்ணியில் ஊறப்போட்டால் தேக்கு மாதிரி.
உப்புத்தாளை வெட்டி வெட்டி ஓடு.
பாசிமணியும் அறுந்த கொலுசும் சேர்ந்து சரவிளக்கு.
சமையலறைத் தரைக்கு
கிரானைட் பட்டறை வாசலில் பொறுக்கிய கறுப்புச் சில்லு,
அதற்கு மட்டும் காசில்லை.
சுவருக்குக் கல்யாணப் பத்திரிகைகள் ஒட்டினேன்.
துரைசானியின் கட்டில் தலைமாட்டில் இன்னும்
தங்க எழுத்தில் இருக்கிறது:
*வரவேற்பு மாலை ஏழு மணிக்கு*.

பசை காயும்வரை துணிக்கிளிப் மாட்டிவிட்டு
சும்மா இருந்த ஒரு மதியம்
அறைகளை எண்ணினேன்.
பியானோவுக்கு ஒன்று. சாப்பிட ஒன்று.
தொப்பி மாட்டக்கூட ஒரு மூலை.
மறுபடி எண்ணினேன்.

கக்கூஸ் இல்லை.

மூன்றாம் லேன் என்னுடையது. இரவு பத்திலிருந்து காலை ஆறு.
பெட்டி மாதிரி அறை, கை நீட்ட ஒரு ஜன்னல்.
போக வேண்டியது எட்டு லேன் தாண்டி, ஆபீசுக்குப் பின்னால்.
மாற்றி உட்கார முனிரத்தினம் வரவேண்டும்.
அவர் டீ குடித்து முடிக்க வேண்டும்.
லாரி ஒவ்வொன்றும் விலகி வழிவிட வேண்டும்.
அதனால் சாயங்காலம் ஆறு மணியோடு
தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன்.
மனு கொடுத்தோம். *பரிசீலனையில் உள்ளது*.
எரிச்சலுக்கு மாத்திரை மூன்று முறை வாங்கித் தந்தவள்
நர்சிங் ஹோம் ஷாகிராதான்.

அந்த மாத்திரை அட்டையில்
காலியான குமிழ் ஒன்றை வெட்டி எடுத்தேன்.
கவிழ்க்காமல் பதித்தால் கச்சிதமான பேசின்.
பட்ஸ் குச்சி குழாய். கம்மல் திருகாணி பைப்பின் தலை.
பசை டியூப் மூடி வாளி, அதில்
நிஜத் தண்ணீர், ஒரே சொட்டு.
படிக்கு அடியில் இடம் இருந்தது.
அந்த அறைக்கு மட்டும் முன்சுவர் வைத்தேன்.
கதவு வைத்தேன்.
ரவிக்கை ஊக்கைப் பிரித்து
உள்பக்கம் தாழ்ப்பாள்.

பியானோவிலிருந்து துரைசானியைப் பிடுங்க வேண்டியிருந்தது,
அவ்வளவு ஒட்டிப்போயிருந்தாள்.
உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி,
படியின் கடைசிப் பலகை ஒட்டாத இடுக்கில்
ஹேர்பின் நுழைத்துத் தாழ்போட்டேன்.
பிறகு பலகையையும் ஒட்டிவிட்டேன்.
இனி எனக்கும் திறக்காது.

"அடிப்பாவி, அவ வெளிய வர வேணாமா?"
என்றாள் ஷாகிரா.

கீழே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது.
மணி ஒன்பது இருபது.
பாட்டிலை நிரப்பிப் பையில் வைத்தேன், திறக்கமாட்டேன் என்று தெரிந்தே.
"மெதுவா வரட்டும்" என்றேன்.
"அவளுக்குப் பின்னால யாரும் ஹாரன் அடிக்கல."